பெண்களுக்கான தொண்டு நிறுவனங்கள்: பயனாளிகளை எண்ணுகிறோமே, யாருக்காக?

கணக்குப்பிள்ளை:

நான்கு ஆண்டுகள் ஒரு தொண்டு நிறுவனத்தில் ரிப்போர்ட் எழுதும் வேலை பார்த்தேன். பெண்கள், சிறுமிகள் முன்னேற்றம்தான் அவர்களுடைய துறை. பெயர் வேண்டாம். ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் பயனாளிகளின் எண்ணிக்கை வரும். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். ஒரு பெண் சேமிப்புக் கூட்டத்துக்கு வந்தால் ஒன்று. அதே பெண் சுகாதார வகுப்பில் உட்கார்ந்தால் இரண்டு. தையல் பயிற்சியை எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் மூன்று. பதிவேடுகளைக் கூட்டிப் போடுவது என் வேலை. கூட்டிப் போட்டேன், சம்பளம் வாங்கினேன்.

“இந்தப் பெண் இப்போது தன் வீட்டில் எதைத் தானாக முடிவு செய்கிறாள்?” என்ற கேள்வியை அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு படிவத்திலும் நான் பார்க்கவில்லை. மெஷின் எத்தனை, ரசீது எங்கே, போட்டோவில் பேனர் தெரிகிறதா, அவ்வளவுதான்.

பொருளைக் கொடுத்துவிட்டு அதற்கு ‘அதிகாரம்’ என்று பெயர் வைக்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு. பொருள் கொடுப்பதுதான் வேலை என்றால் அரசு அதை நூறு மடங்கு பெரிதாகச் செய்யும். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்க அரசு பணம் கொடுத்தது. முரளிதரன், பிரகாஷ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள். ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. எந்தத் தொண்டு நிறுவனம் இதைச் செய்யும்? அந்த நன்கொடையை வரியாகக் கட்டிவிட்டுப் போகலாமே.

களத்துக்காரி:

பேனர் இல்லாத அரசுத் திட்டம் ஒன்றை நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள் சார், நானும் பார்க்க ஆசைப்படுகிறேன்.

நான் இந்த வேலையில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். நீங்கள் சொன்ன பதிவேட்டுக் கூத்து உண்மை. நானே அதில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு “எல்லாம் அரசே செய்யும்” என்று தாவுகிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

வேலையிடத்தில் பாலியல் தொல்லை நடந்தால் யாரிடம் போவது என்று இந்தியாவில் 1997 வரை தனி விதி கிடையாது. எப்படி வந்தது தெரியுமா? ராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்த ஒரு கிராமத்துப் பெண், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதற்குப் பழிவாங்க 1992இல் அவரைக் கூட்டு வன்கொடுமை செய்தார்கள். அரசு தானாக எழுந்து விதி போடவில்லை. விசாகா என்ற அமைப்பும் வேறு சில பெண்கள் அமைப்புகளும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1997 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் சட்டம் போட இன்னும் பதினாறு வருஷம் ஆனது, 2013. அதுவரை அந்தத் தீர்ப்புதான் சட்டம்.

இப்போது சொல்லுங்கள், அந்த வழக்குக்குப் பயனாளிகள் கட்டத்தில் என்ன எண்ணைப் போடுவீர்கள்? வேலைக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணையுமா? இல்லை, மனுவில் கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமா?

வழிப்போக்கன்:

எல்லாம் பெண்களுக்கே. ஆண்களுக்கு யார் இருக்கிறார்கள்?

நெறியாளர்:

அதற்குத் தனி இழை இருக்கிறது. அங்கே பேசுங்கள், இங்கே வேண்டாம்.

அரைகுறை ஆய்வாளர்:

இருவரும் பாதிப் பாதி சரி என்று சொன்னால் இரண்டு பக்கமும் அடி விழும். பரவாயில்லை.

‘அதிகாரம்’ என்ற சொல்லை யாரும் வரையறுக்காமல் பேசிக்கொண்டிருக்கிறோம். நைலா கபீர் என்ற பொருளியலாளர் 1999இல் ஒரு கட்டுரையில் மூன்றாகப் பிரித்தார்: கையில் இருக்கும் வளம், அதை வைத்துத் தானே முடிவெடுக்கும் திறன், அதனால் வாழ்க்கையில் கிடைத்த பலன். கணக்குப்பிள்ளை வேலை பார்த்த இடம் முதலாவதை மட்டும் எண்ணிவிட்டு மூன்றும் நடந்ததாக எழுதியிருக்கிறது. இது அந்த ஒரு நிறுவனத்தின் தவறு மட்டுமில்லை. குறுங்கடன், அதாவது ஏழைகளுக்குத் தரும் சிறு கடன், அந்த உலகம் முழுக்க இதையேதான் செய்தது. கடன் வாங்குபவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆகவே பெண்களுக்கு அதிகாரம் வந்துவிட்டது என்றார்கள். கோயட்ஸ், சென் குப்தா என்ற இரண்டு ஆய்வாளர்கள் வங்கதேசத்தில் போய்ப் பார்த்து 1996இல் எழுதினார்கள்: பெண் பெயரில் எடுத்த கடனில் கணிசமான பங்கு வீட்டு ஆண்கள் கையில் இருந்தது. திருப்பிக் கட்டும் பொறுப்பு மட்டும் அந்தப் பெண்ணுக்கு. 2015இல் ஆறு நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாக வெளியிட்டார்கள்: போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ. குறுங்கடனால் கொஞ்சம் நன்மை உண்டு, வாழ்க்கை தலைகீழாக மாறவில்லை என்பதுதான் மொத்தத்தில் கிடைத்தது.

மறுபக்கமும் இருக்கிறது. வங்கதேசத்துத் தொண்டு நிறுவனமான பிராக், உகாண்டாவில் பதின்வயதுப் பெண்களுக்காக ஊருக்கு ஒரு மன்றம் நடத்தியது. பள்ளி நேரம் முடிந்ததும் கூடுவார்கள். கைத்தொழில் பயிற்சி உண்டு, உடல் பற்றியும் உறவு பற்றியும் பேச்சு உண்டு. நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த ஊர்களில் சம்பாதிக்கும் பெண்கள் 48 சதவீதம் அதிகம். பதின்வயதுக் கர்ப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதே பிராக் அதே மன்றத்தைத் தான்சானியாவில் நடத்தியபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அங்கே இடமும் பொருளும் ஆளும் போதவில்லை. இந்த இரண்டாவது செய்தியை நன்கொடை கேட்கும் சிற்றேட்டில் யாரும் அச்சடிப்பதில்லை.

கணக்குப்பிள்ளை:

ஆய்வாளர் எனக்கு வேலையை எளிதாக்கிவிட்டார். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2002இல் பிராக் வங்கதேசத்தில் பரம ஏழைகளுக்கென்று ஒரு திட்டம் தொடங்கியது: ஆடோ மாடோ கொடுத்து, சில மாதம் செலவுக்குப் பணம் கொடுத்து, வாராவாரம் ஒருவர் வீட்டுக்கே வந்து கூட நிற்பார். பெரும்பாலும் பெண்களுக்கு. இதை ஆறு நாடுகளில் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். சாப்பாடு, சேமிப்பு, சொத்து, மனநலம் என்று பத்து வகையில் அளந்தார்கள். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் எட்டு வகையில் முன்னேற்றம் நிலைத்தது. நிலைக்காத இரண்டில் ஒன்று உடல்நலம். இன்னொன்று என்ன என்று ஊகியுங்கள். பெண்களின் அதிகாரம்!

உலகத்திலேயே அக்குவேறு ஆணிவேறாகச் சோதிக்கப்பட்ட திட்டத்துக்கே இதுதான் கதி.

களத்துக்காரி:

நல்லது. ஆட்டைக் கொடுத்தால் ஆடு இருக்கும், அதிகாரம் இருக்காது என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் அதே ஆட்டை அரசு கொடுத்தால் மட்டும் எப்படி வரும்? சைக்கிளுக்கும் இதே கேள்விதானே?

1972இல் அகமதாபாத்தில் இளா பட், சுயதொழில் செய்யும் பெண்களின் அமைப்பான ‘சேவா’வைத் தொழிற்சங்கமாகப் பதியப் போனபோது தொழிலாளர் துறை முடியாது என்றது. காரணம்: இந்தப் பெண்களுக்கு முதலாளி யாரும் இல்லை, யாரை எதிர்த்துச் சங்கம்? தலைச்சுமை தூக்குபவர், பழைய துணி விற்பவர், வீட்டில் பீடி சுற்றுபவர். சங்கம் என்பது முதலாளியை எதிர்க்க மட்டுமில்லை, நாங்கள் ஒன்று சேரவும்தான் என்று வாதாடிப் பதிந்தார்கள். இரண்டு வருஷத்தில் வங்கி. வேறு வங்கிகள் வாசலில் நிறுத்தியதால் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் போட்டுத் தங்களுக்கென்று ஒன்று தொடங்கினார்கள். 1996இல் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) ஓர் உடன்படிக்கை நிறைவேற்றியதே, அதற்கு முட்டி மோதியவர்களில் இவர்களும் உண்டு. அவர்களுக்கு யாரும் தையல் மெஷின் கொடுத்து போட்டோ எடுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:

களத்துக்காரி மேடம், கவனித்தீர்களா? நீங்கள் காட்டிய எதுவும் நான் திட்டும் வகை நிறுவனம் இல்லை. சேவாவில் பயனாளி கிடையாது, உறுப்பினர்தான். பத்து ரூபாய் போட்டவள் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்பாள், தேர்தலில் ஓட்டுப் போடுவாள். நான் எழுதிய ரிப்போர்ட்டை எந்தப் பயனாளியும் படித்ததில்லை. அது ஆங்கிலத்தில் இருந்தது, நிதி கொடுத்தவருக்காக எழுதியது. சேவாவின் பெயரைச் சொல்லி மற்றவர்களுக்குப் பட்டுக்குடை பிடிக்கிறீர்கள்.

களத்துக்காரி:

அப்படியென்றால் உங்கள் சண்டை தொண்டு நிறுவனங்களோடு இல்லை, பயனாளி என்ற சொல்லோடு. அதில் நான் உங்கள் கட்சி. ஆனால் உறுப்பினர் அமைப்பாகத் தொடங்காதது எல்லாம் வீண் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கேம்ஃபெட் என்ற தொண்டு நிறுவனம் 1993இல் ஜிம்பாப்வேயில் பெண் பிள்ளைகளின் படிப்புச் செலவைக் கட்டும் சாதாரணத் தர்மமாகத்தான் தொடங்கியது. அப்படிப் படித்தவர்கள் 1998இல் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்தார்கள். இன்று அடுத்த பிள்ளைகளைப் பள்ளியில் பிடித்துவைப்பது அந்தச் சங்கத்துப் பெண்கள். முதல் வருஷம் உதவி வாங்கிய சிறுமிகளில் ஒருவர் நிறுவனத்துக்கே தலைமை ஏற்றார். தர்மம் வாங்கியவள் நாற்காலியில் உட்கார முப்பது வருஷம் ஆனது. நிதி கொடுப்பவர்கள் தருவது மூன்று வருஷம்.

மூன்றாவது கையெழுத்து:

இதற்கு முன் நான் எங்கும் எழுதியதில்லை, படிப்பதோடு சரி. இந்தப் பெயரைக் கணக்குப்பிள்ளை சாரின் முதல் பதிவிலிருந்துதான் எடுத்தேன்.

அந்தப் பதிவேட்டில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்ட பெண் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஒரு நிறுவனம், ஆனால் அதே பதிவேடு. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சுகாதார வகுப்பில் நாப்கின் கொடுத்தார்கள். இதனால் நாங்கள் இனிமேல் பள்ளிக்கு லீவு போட மாட்டோம் என்று ஒரு மேடம் பேசினார். நாங்கள் அதற்கு முன்பும் லீவு போட்டதில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் நாங்களும் சொல்லவில்லை. நாப்கின் நன்றாக இருந்தது, அது வேறு விஷயம்.

எனக்கு ஞாபகம் இருப்பது அந்த அறை. வீடும் இல்லாமல் பள்ளியும் இல்லாமல் போய் உட்கார ஓர் இடம். “எங்கே போயிருந்தாய்” என்று வீட்டில் கேட்டால் “வகுப்புக்கு” என்று சொல்லலாம், அடி விழாது. அங்கேதான் முதல் முறையாக ஒரு கூட்டத்தை நடத்தினேன். ஏழு பேர் கூட்டம். பத்தாவதோடு நிறுத்த வேண்டாம் என்று அப்பாவிடம் பேச எனக்குத் துணைக்கு வந்ததும் அந்த ஏழு பேரில் இரண்டு பேர்.

ஒரு திங்கட்கிழமை போனால் பூட்டியிருந்தது. அடுத்த வாரமும் பூட்டு. புராஜெக்ட் முடிந்துவிட்டது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை.

அரைகுறை ஆய்வாளர்:

நாப்கின் பற்றி நீங்கள் சொன்னது அப்படியே நேபாளத்தில் பதிவாகியிருக்கிறது. ஆஸ்டர், தார்ன்டன் என்ற இருவர் பள்ளி மாணவிகளுக்கு மாதவிடாய்க் குப்பி (நாப்கினுக்குப் பதிலாக உடலுக்குள் வைக்கும், கழுவித் திரும்பப் பயன்படுத்தும் ‘கப்’) கொடுத்துப் பார்த்தார்கள். கட்டுரை 2011இல் வந்தது. மாதவிடாயால் ஒரு மாணவி தவறவிட்டது ஆண்டுக்கு அரை நாள்கூட இல்லை. குப்பியால் வருகை கூடவும் இல்லை. ஆனால் பெண்கள் குப்பியை விரும்பினார்கள், துணி துவைக்கும் நேரம் மிச்சமானது. அந்த மிச்ச நேரத்துக்காகவே கொடுக்கலாம் என்பது என் கருத்து. வருகையைக் காரணம் காட்டினால்தான் நிதி வரும் என்பதால் வருகை என்று எழுதுகிறார்கள். எல்லா ஊருக்கும் நேபாளக் கணக்கு பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. முதலில் கேட்டிருக்கலாம் என்கிறேன்.

பூட்டிய அறை பற்றி எழுத என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை.

களத்துக்காரி:

கண்ணு, அந்தப் பூட்டை நானும் போட்டிருக்கிறேன். உன் ஊரில் இல்லை, வேறு ஊரில். நிதி மார்ச்சோடு நின்றது, ஏப்ரல் வாடகைக்குப் பணம் இல்லை. போய்ச் சொல்ல எனக்கு முகம் இல்லை. அதற்கு நான் சாக்குச் சொல்லவில்லை.

ஆனால் கணக்குப்பிள்ளை சார் இதையும் கேட்க வேண்டும். பணக்கார நாடுகள் தரும் உதவிப் பணத்தில் பெண்களே நடத்தும் உரிமை அமைப்புகளுக்கு நேராகப் போவது ஒரு சதவீதம்கூட வராது. வருவதும் மெஷினுக்கு, கையேட்டுக்கு, பயிற்சிக்கு என்று கட்டம் கட்டி வரும். வாடகைக்கு இல்லை, என்னைப் போன்றவள் சம்பளத்துக்கு இல்லை. “நிர்வாகச் செலவு குறைவாக இருக்கிறதா” என்று பார்த்துத்தானே நீங்களும் நன்கொடை கொடுப்பீர்கள்? இந்தப் பிள்ளை சொன்ன அறை முழுக்க முழுக்க நிர்வாகச் செலவு.

கணக்குப்பிள்ளை:

ஆமாம், அப்படித்தான் பார்த்துக் கொடுத்தேன். குறைவாக இருந்தால் நல்ல நிறுவனம் என்று நினைத்தேன்.

மூன்றாவது கையெழுத்து, உங்கள் அறையை எந்தத் தலைப்பில் எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். ‘வாடகை, மின்சாரம், இதர’. புராஜெக்ட் முடிந்த அறிக்கையில் ‘திட்டம் வெற்றிகரமாக நிறைவுற்றது’ என்றும் எழுதியிருப்பேன். அந்த வாக்கியத்தைப் பல தடவை எழுதியிருக்கிறேன்.

இருந்தாலும் என் முதல் கேள்வியை நான் வாபஸ் வாங்கவில்லை. களத்துக்காரி மேடம், வாடகைக்குப் பணம் கொடுத்தால் மட்டும் போதாது. அறையை மூடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்த ஏழு பேரில் ஒருத்திக்காவது நாற்காலி இருந்ததா?

களத்துக்காரி:

இல்லை. எனக்கே இல்லை.

மூன்றாவது கையெழுத்து:

ஒன்று கேட்கலாமா சார்? நாங்கள் கையெழுத்துப் போட்ட அந்தப் பதிவேடுகள் எல்லாம் இப்போது எங்கே இருக்கும்?

கணக்குப்பிள்ளை:

தணிக்கைக்காகச் சில ஆண்டுகள் பீரோவில் வைத்திருப்போம். அதற்கப்புறம் எடைக்குப் போட்டுவிடுவோம்.