1969 யென்கோ கமாரோ: எஞ்சின் முத்திரைப் படங்கள் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். பென்சில்வேனியாவின் கானன்ஸ்பர்க்கில் இருந்த யென்கோ ஷெவர்லே என்ற டீலர் விற்ற 1969 கமாரோ என்று சொல்லப்படும் ஒரு காரைச் சரிபார்க்க உங்கள் உதவி வேண்டும்.

அந்த ஆண்டு 427 கன அங்குல எஞ்சினை கோப்போ 9561 என்ற சிறப்பு ஆர்டரில் தொழிற்சாலையே பொருத்தி அனுப்பியது. பட்டைக் கோடுகளும் சின்னங்களும் டீலர் சேர்த்தவை, இன்று யாரும் வாங்கி ஒட்டலாம். அதனால் அவற்றை நான் சான்றாகவே எடுப்பதில்லை. சேஸிஸ் எண்ணும் வி8 என்பதோடு நின்றுவிடும், எந்த வி8 என்று சொல்லாது.

மிச்சமிருப்பது எஞ்சின் பிளாக்கின் முன்பக்கத்தில் உள்ள சிறு தட்டையான மேடையில் குத்திய முத்திரைதான். மேனுவல் கியர் என்றால் எம்.என்., ஆட்டோமேட்டிக் என்றால் எம்.ஓ. காரின் வரிசை எண்ணும் பிளாக்கில் இருக்க வேண்டும். பிளாக் வார்ப்புத் தேதி, எஞ்சின் பூட்டிய தேதி, கார் தயாரான தேதி மூன்றும் இதே வரிசையில் வர வேண்டும். பின் அச்சுக் குழாயில் பி.இ. குறியீடு (4.10 கியர் விகிதம்) இருக்க வேண்டும்.

சிக்கல் இதுதான்: எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது (ரீபில்ட்) பிளாக்கின் மேல்தளத்தைச் சீவினால் முத்திரை அழிந்துபோகும். பிறகு புதிதாகக் குத்துகிறார்கள். தொழிற்சாலை எந்திரம் மேடையில் விட்ட மெல்லிய இணைகோடுகள் இருக்கின்றனவா என்பதே அப்போது முதல் சோதனை.

ஒருமுறையும் சீவாத எம்.என். மேடையின் படம் யாரிடமாவது இருக்கிறதா? பெயின்ட் நீக்கி, பக்கவாட்டு வெளிச்சத்தில், எழுத்தின் ஆழம் தெரியும்படி எடுத்தது வேண்டும். கம்பித் தூரிகை போட்டுத் தேய்க்காதீர்கள், கோடுகள் போய்விடும். டீலர் கொடுத்த உலோக வாரண்டித் தகட்டின் படமும் இருந்தால் பேருதவி. உரிமையாளர் பெயரை மறைத்துவிடுங்கள்.