கோவை அருகே ஏழு மலை ஏறிச் சிவனைக் கும்பிடும் வெள்ளியங்கிரிக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோட்டுக்காரன்:
சிவராத்திரி முடிந்த வாரம். ராத்திரி பத்து மணிக்கு அடிவாரத்தில், பூண்டி கோயிலிலிருந்து ஏற ஆரம்பித்தோம். முதல் மலைப் படிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழுக்குப்பாறையில் என் மூங்கில் தடி பிளந்துவிட்டது. எதிரே ஒரு பெரியவர் வெறுங்காலோடு இறங்கி வந்தார். "இந்தா சாமி, இதைப் புடி" என்று தன் தடியை நீட்டினார்.

"உங்களுக்கு?"

"எனக்கு இறக்கம்தானே. கோயில் வாசல்ல உக்காந்திருக்கேன், வந்து குடு."

ஏழாவது மலையில், சுயம்பு லிங்கம் இருக்கும் குகைக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது விடிந்தது. அப்போதுதான் தடியைப் பார்த்தேன். கைபிடிக்கும் இடத்துக்குக் கீழே கத்தியால் போட்ட கோடுகள், 31. நான் இறங்கி வர மதியம் இரண்டு மணி. வாசலில் அவர் இல்லை. "பத்து மணி வரைக்கும் இருந்தாருங்க" என்றார் கடைக்காரர். தடி இப்போது என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

மலைக்குருவி:
இறக்கம்தானே என்று சொன்னதை நம்பிவிட்டீர்களா? தடி வேண்டியதே இறங்கத்தான். நான் தடியில்லாமல் இறங்கி, முதல் மலைப் படியில் முட்டி மடங்கி உட்கார்ந்து அழுதவன். என் கதை அவ்வளவுதான். புதிதாகப் போகிறவர்கள் கேளுங்கள்: ஏழாவது மலையில் காற்று குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறாதீர்கள். கைதட்டிச் சுனையில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், கீழிருந்தே சுமக்காதீர்கள். பிளாஸ்டிக் வேண்டாம். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது. மூச்சு வாங்கினால் வீம்பு பிடிக்காமல் திரும்பிவிடுங்கள்.

சிறுவாணித் தண்ணி:
மூச்சு வாங்கினால் திரும்பு என்று எழுதுவது சுலபம். ஐந்தாவது மலையில் அப்பா உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ட்டு வா, நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன்." போனேன். திரும்பி வந்தபோது முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். விபூதியை நெற்றியில் வைத்தேன், விழிக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம். அப்புறம் கண்ணைத் திறந்து, "கூட்டமா?" என்று கேட்டார்.

மலைக்குருவி:
அவரை விட்டுவிட்டுப் போயிருக்கவே கூடாது.

சிறுவாணித் தண்ணி:
தெரியும்.

ஈரோட்டுக்காரன்:
வரும் மாசியில் அதே தடியோடு போகிறேன். ஒரு சந்தேகம். 32-வது கோட்டை நான் போடலாமா?