சோர்ஸ், சிங்க்: வாயு டிரான்ஸ்மிட்டர் கையேட்டுக்குச் சொல் வேண்டும்

அன்பர்களே,

வாயுவை உணர்ந்து பேனலுக்கு 4 முதல் 20 மில்லிஆம்பியர் சிக்னல் அனுப்பும் கருவிதான் டிரான்ஸ்மிட்டர். அந்த ஓட்டத்தை அது வெளியே தள்ளினால் சோர்ஸ், உள்ளே இழுத்தால் சிங்க். நம் சொற்பட்டியலில் இவற்றுக்கு இப்போது இருப்பவை மூலம், வடிகால். டெர்மினல் பெட்டிக்குள் இரண்டுமே வம்பு.

'மூலம்' என்று எழுதினால் வயர்மேன் தேடுவது 24 வோல்ட் வரும் முனையைத்தான். மின்மூலம் என்று படித்துப் பழகிய சொல். சிக்னல் கம்பியை அங்கே முடுக்கிவிட்டால் பேனலில் சிக்னலை அளக்கும் 250 ஓம் மின்தடை மேல் முழு 24 வோல்ட்டும் விழும். 96 மில்லிஆம்பியர், 2.3 வாட். கால் வாட் மின்தடை கருகிப்போகும்.

'வடிகால்' இன்னும் மோசம். கேபிளின் கவச உறையை ஒட்டி ஓடும் வெறுங்கம்பிக்கு 'வடிகம்பி' என்று போன அத்தியாயத்திலேயே பெயர் வைத்துவிட்டோம். அதைத் தூக்கி சிக்னல் முனையில் சொருகிவிடுவார்கள். அது பேனல் பக்கம் மட்டும் எர்த் ஆகி, டிரான்ஸ்மிட்டர் பக்கம் வெட்டி டேப் சுற்றிக் கிடக்க வேண்டிய கம்பி.

என் பரிந்துரை: தள்ளுமுனை, இழுமுனை. முதலாவதில் டிரான்ஸ்மிட்டர் பிளஸிலிருந்து எடுத்துத் தள்ளுகிறது. ஓட்டம் பேனலின் மின்தடை வழியாக 0 வோல்ட்டுக்குப் போகிறது. இரண்டாவதில் மின்தடை பிளஸ் பக்கம். டிரான்ஸ்மிட்டர் இழுத்து 0 வோல்ட்டில் விடுகிறது.

---

> தள்ளுமுனை, இழுமுனை

வினை சரி ஐயா, 'முனை' வேண்டாம். மூன்று கம்பிக் கருவியில் (பிளஸ், 0 வோல்ட், சிக்னல்) சிக்னல் முனை ஒன்றுதான். உள்ளே ஜம்பரோ (இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு துண்டு) சுவிட்சோ மாற்றுவது வகையை. தள்ளுவகை, இழுவகை என்போம்.

பழுதுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: "டிரான்ஸ்மிட்டர் இழுவகை, பேனல் மின்தடை 0 வோல்ட் பக்கம்; இழுக்க ஒன்றுமில்லை, 0 மில்லிஆம்பியர்." படித்ததும் புரிகிறது. இந்த இடத்தில்தான் நல்ல சென்சாரைக் கழற்றி எறிகிறார்கள். வாயுவே இல்லாவிட்டாலும் 4 மில்லிஆம்பியர் வந்தாக வேண்டும். சுழியம் என்றால் முதலில் ஜம்பரையும் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் டிரான்ஸ்மிட்டர் முனையில் வோல்ட், அதுவும் கருவி ஓடும்போது. எரியும் வாயுவைச் சூடான மணியால் உணரும் வினையூக்கி மணி வகை, மணியைச் சூடாக்கவே ஓட்டம் தின்னும். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். 500 மீட்டர் போய்த் திரும்பினால் 12 ஓம். 250 மில்லிஆம்பியருக்கு 3 வோல்ட் போய்விடும். பேட்டரியில் ஓடி சப்ளை 20க்கு இறங்கினால் அங்கே 17தான். 18 கேட்கும் கருவி எழவே எழாது.

பவர் அப்புக்குப் பட்டியலில் இருக்கும் 'மின்னேற்றம்' பேட்டரிக்கு உரியது. 'மின் கொடுத்தல்' போதும். வார்ம் அப், 'சூடேறு நேரம்'. அது முடியுமுன் சுழியத்தை (வாயு இல்லாதபோது காட்ட வேண்டிய அளவை) சரிசெய்தால் பிறகு தப்பாகவே காட்டும்.

---

'வகை' என்றே மாற்றிவிட்டேன். இரு கம்பிக் கருவிப் பக்கத்தில் இந்தச் சொற்களை எடுத்துவிடுகிறேன். அங்கே சப்ளையும் சிக்னலும் ஒரே ஓட்டம், மாற்ற ஜம்பர் கிடையாது. மூன்று கம்பிப் பக்கத்தில், ஜம்பர் வரிக்கு மேலேயே "மின் கொடுக்குமுன்" என்று தடித்த எழுத்தில் போடுகிறேன். வாயு இருக்கக்கூடிய இடத்தில் மின்னோடு மூடியைத் திறக்கும் ஆள் எங்கும் உண்டு.