பழைய டிராக்டரில் அசல் எது, மாற்று எது? தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவை

பழைய டிராக்டரை விலை பேசும்போது "எல்லாம் ஒரிஜினல்தானே?" என்று கேட்காதவர் இல்லை. "ஆமாம்" என்று சொல்லாத விற்பனையாளரும் இல்லை. பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை. கம்பெனிப் பெயர் பொறித்த பாகமாக இருந்தால் அவரைப் பொறுத்தவரை அது ஒரிஜினல். எனக்கு அது போதாது. தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளில் அந்த வண்டியில் இருந்த பாகம்தானா என்று தெரிய வேண்டும். அதே கம்பெனி பல ஆண்டுகள் கழித்துச் செய்து அனுப்பிய உதிரிப்பாகம் தரமானதுதான், ஆனாலும் அது அந்த வண்டியோடு பிறந்தது அல்ல. இவை இரண்டும் போக, வேறு யாரோ பார்த்துச் செய்த நகல் என்று ஒன்றும் இருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்தறிய எனக்குப் பெரிதும் உதவியது பளபளப்போ விலையோ அல்ல, தேதிதான்.

பழைய பாகங்களில் தேதி இருப்பதே பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் டிராக்டர்களில் லூகாஸ் என்ற கம்பெனி செய்த டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றின் உடலில் பாக எண்ணை அடுத்துச் சிறிய எண்கள் குத்தப்பட்டிருக்கும். "11 53" என்றிருந்தால் 1953 நவம்பரில் செய்யப்பட்டது என்று பொருள். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் ஃபார்மால் டிராக்டர்களில் வார்ப்பு இரும்புப் பாகங்களிலேயே மாதம், நாள், ஆண்டைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்து ஆகிய மூன்றும் புடைப்பாக இருக்கும். கியர்பாக்ஸ் கூடு, பின் அச்சுக் கூடு, எஞ்சின் பிளாக் என ஒவ்வொன்றிலும் தேடிப் படித்து ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். எல்லாம் வண்டி தயாரான நாளுக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ முன்னதாக இருந்தால் மனம் நிறைந்துவிடும். ஏதாவது ஒன்று வண்டிக்குப் பிந்திய தேதியைக் காட்டினால் அது பின்னால் வந்து சேர்ந்த பாகம் என்பதில் சந்தேகமே இல்லை. இந்த எழுத்துகளின் மேல் பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் இறுகிக் கிடக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேய்த்தாலே போதும். கம்பித் தூரிகையைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். அது அழுக்கோடு அடியிலிருக்கும் பழைய பெயின்டையும் உரித்துவிடும். அந்தப் பெயின்டும் ஒரு சாட்சி.

நகல் வார்ப்பைக் கண்டுகொள்ள எனக்கு வழிகாட்டியவர் வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெரியவர். எஞ்சின் புகையை வெளியேற்றும் வார்ப்புக் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதில் பழையது இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எழுத்தை விரலால் தடவிப் பார் தம்பி" என்றார். ஒன்றில் எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக விரலில் பட்டன. மற்றொன்றில் அதே எழுத்து, அதே எண், அதே இடம். ஆனால் ஓரமெல்லாம் கரைந்த சோப்புக்கட்டியின் மேலுள்ள பெயர் போல மழுங்கியிருந்தது. காரணத்தையும் அவரே சொன்னார். நகல் செய்பவர் பல நேரங்களில் புதிதாக மர அச்சு செய்வதில்லை. அசல் பாகத்தையே மணலில் அழுத்தி அச்செடுத்துவிடுகிறார். வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்கும். தொழிற்சாலை அச்சைச் செய்தவர் அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு அச்சைச் சற்றுப் பெரிதாகவே செய்திருப்பார். அசல் பாகத்திலிருந்தே அச்செடுத்தவருக்கு அந்தக் கூடுதல் அளவு கிடைக்காது. அதனால் நகல் ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் குறைந்துவிடும். போல்ட் துளைகளை எந்திரத்தில் சரியான இடத்தில் போட்டுவிடுவதால் வண்டியில் பொருந்திவிடும். வெளி விளிம்பை வெர்னியர் காலிப்பரால் அளந்தால்தான் குறை தெரியும். அன்று அவர் அளந்து காட்டிய பிறகு எந்த வார்ப்பையும் விரலால் தடவாமல் நான் கடந்துபோவதில்லை.

சீரியல் எண் தகட்டை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். புதிய தகடுகள் எளிதாகக் கிடைக்கின்றன, எந்த எண்ணையும் குத்திக்கொள்ளலாம். தகட்டைவிட அதைப் பிடித்திருக்கும் ஆணிகளைப் பாருங்கள். நடுவில் துளையுள்ள பாப் ரிவெட் இருந்தால் அந்தத் தகடு ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஃபோர்டு 8என் டிராக்டரில் சிக்கல் இன்னும் பெரிது. அதன் எண் எஞ்சின் பிளாக்கின் இடது பக்கத்தில்தான் குத்தப்பட்டிருக்கும். பிளாக்கை மாற்றினால் வண்டியின் அடையாளமும் அதோடு போய்விடும்.

அந்த ஃபோர்டு வரிசையில் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிர் சாம்பல் பானெட், சிவப்பு அடிப்பகுதி, பக்கத்தில் ஃபோர்டு எழுத்து என்று பார்த்த மாத்திரத்தில் 1950 வாக்கில் வந்த 8என் என்றே தோன்றும் வண்டி. விற்பவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு உறுத்தியது. ஒரு பிரேக் மிதி வலது காலடியில், மற்றொன்று இடது பக்கம் கிளட்ச் அருகே. 8என் மாடலில் இரண்டு பிரேக் மிதிகளும் வலது பக்கமே இருக்கும். கியரைப் போட்டுப் பார்த்தேன். முன்னோக்கி மூன்றுதான் விழுந்தது. 8என் என்றால் நான்கு இருக்க வேண்டும். அது 1939 முதல் 1947 வரை வந்த 9என், 2என் குடும்பத்து வண்டி. யாரோ 8என் நிறத்தை அடித்து, பானெட்டையும் மாற்றியிருக்கிறார்கள். அந்த இரண்டு மாடல்களும் அசலில் முழுக்க அடர் சாம்பல் நிறம். எனக்கு அதில் வருத்தமாக இருந்தது. போர்க்காலத்தில் ரப்பருக்கும் செம்புக்கும் தட்டுப்பாடு வந்தபோது இரும்புச் சக்கரமும், பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் மேக்னெட்டோவுமாகப் பிறந்த 2என் வண்டிகள் தனிச் சரித்திரம் உடையவை. அந்த முகத்தை மறைத்து இன்னொன்றின் சாயலைப் பூசத் தேவையே இல்லை.

சாம்பல் நிற ஃபெர்குசன் எஃப்இ35 பற்றி நண்பர் ஒருவர் சொன்னதும் இதே வகைதான். 1956-இல் சாம்பலும் பொன்னிறமுமாக வந்த வண்டி அது. அவர் பார்த்ததில் வெளியே எல்லாம் சரியாக இருந்தது. பானெட்டைத் தூக்கினால் உள்ளே மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின். அந்த எஞ்சின், இதே வண்டியின் பிந்தைய பெயரான மாஸே ஃபெர்குசன் 35-இல் 1959-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய டீசல் வண்டியில் நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்டு எஞ்சின்தான் இருந்திருக்கும். குளிரில் கிளப்புவதற்கு அது மிகவும் படுத்தும். அதனால் பல உழவர்கள் பெர்கின்ஸ் எஞ்சினை மாற்றிப் பொருத்திக்கொண்டார்கள். இந்த மாற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். உழவு நிற்காமல் நடக்கச் செய்த மாற்றம் அது, வண்டியின் வாழ்க்கையில் ஒரு பகுதி. விற்கும்போது அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் தவறு.

தகரப் பாகங்களுக்கு நான் கையாளும் முறை எளியது. வெளியில் தெரியாத ஓரிடத்தில் நாணயம் அளவுக்கு மென்மையான உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பேன். பெயின்ட் அடுக்குகள் வளையம் வளையமாக வெளிப்படும். ஒரு மட்கார்டில் சிவப்புக்கு அடியில் வேறொரு சிவப்பு, அதற்கும் அடியில் சாம்பல் என்று மூன்று வளையங்கள் தெரிந்தன. எதிர்ப்பக்க மட்கார்டில் சிவப்புக்கு அடியில் கறுப்பு பிரைமர் மட்டும். இந்த மட்கார்டு பின்னால் வந்தது என்பதைப் பிறகு கேட்கவே வேண்டியதில்லை. பானெட், மட்கார்டின் ஓரங்களில் தொழிற்சாலையின் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

போல்ட் தலையில் "8.8" என்று இருந்தால் அது மெட்ரிக் போல்ட். அங்குல அளவில் கட்டப்பட்ட 1940, 1950-களின் அமெரிக்க, பிரிட்டிஷ் வண்டியில் அதற்கு இடமில்லை. அந்த இடத்தை யாரோ ஒருமுறை பிரித்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் பாகத்தை இரண்டு மடங்கு கவனமாகப் பார்ப்பேன். தேய்மானமும் ஒத்துப்போக வேண்டும். கிளட்ச் மிதி வழவழவென்று தேய்ந்திருக்க, பக்கத்தில் பிரேக் மிதியின் வரிகள் புதிதாக நின்றால் இரண்டில் ஒன்று பின்னால் வந்தது.

மாற்றியே ஆக வேண்டிய பாகங்கள் இருக்கத்தான் செய்யும். அவற்றை மாற்றுங்கள், ஓட்டுங்கள். ஆனால் கழற்றிய அசலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வெடித்த மேனிஃபோல்டைக்கூட வார்ப்பிரும்புக்குப் பழகிய வெல்டர் சரிசெய்துவிட முடியும். கழற்றிய பாகத்தில் வண்டியின் எண்ணையும் கழற்றிய தேதியையும் எழுதிய தகரச் சீட்டு ஒன்றைக் கம்பியால் கட்டி, எண்ணெய் தடவி எடுத்துவையுங்கள். வண்டி கைமாறும்போது அந்தப் பெட்டியும் கூடவே போகட்டும்.