பழைய பொருள் விற்பனை: வாங்குபவர் அனுப்பிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்யலாமா?

உறையூர்க்காரி:
கணவருக்கு நாக்பூருக்கு மாற்றல். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 190 லிட்டர் ஃப்ரிட்ஜ், மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம், 2017ஆம் ஆண்டு ஸ்கூட்டர், என் பழைய கைப்பேசி ஆகியவற்றை ஒரு விளம்பரத் தளத்தில் போட்டேன். ஃப்ரிட்ஜுக்கு 6,500 ரூபாய் என்று போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் அழைத்தார். ராணுவத்தில் இருக்கிறாராம், முகாமை விட்டு வெளியே வர அனுமதி கிடையாதாம், ராணுவ வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகுமாம். சீருடையில் எடுத்த படம், அடையாள அட்டை, கேன்டீன் அட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. பேரமே பேசவில்லை.

ராணுவக் கணக்கிலிருந்து பணம் அனுப்ப வேண்டுமானால் நான்தான் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட வேண்டும் என்கிறார். முதலில் 5 ரூபாய்க்குச் செய்துபார்க்கச் சொன்னார். செய்தேன், 10 ரூபாய் திரும்பி வந்தது. இப்போது 6,500 ரூபாய்க்கான கோடு வந்து கிடக்கிறது. மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார். பத்து ரூபாய் உண்மையாகவே வந்ததால் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

மணப்பாறை முறுக்கு:
மாமியார் சொல்வதைக் கேளுங்கள். பேரம் பேசாமல், கம்ப்ரசர் ஓடுகிறதா என்றுகூடக் கேட்காமல் பழைய ஃப்ரிட்ஜ் வாங்குகிற மனிதர் நம் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

ஓய்வுபெற்ற காசாளர்:
அம்மா, அந்தக் கோடைத் தொடாதீர்கள். வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து தலை நரைத்தவன் சொல்கிறேன். பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. யுபிஐ 2016இல் வந்த நாளிலிருந்து இதுதான் நிலை. பணம் உங்கள் கணக்கை விட்டு வெளியேறும்போதும், இருப்பைப் பார்க்கும்போதும் மட்டும்தான் அந்த எண்ணைக் கேட்பார்கள். அவர் உங்களுக்குப் பணம் அனுப்ப உங்கள் யுபிஐ முகவரி போதும். ராணுவக் கணக்கு என்று தனி விதி எதுவும் கிடையாது. ஸ்கேன் செய்தபோது திரையில் ஒரு பெயர் வந்திருக்குமே, அதுதான் உங்கள் ஐந்து ரூபாயை வாங்கிக்கொண்ட ஆசாமியின் பெயர். வந்த பத்து ரூபாய் அவன் தனியாக அனுப்பியது. கோடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரிய தொகைக்கு நீங்கள் பின் எண்ணைத் தட்டியதும் 6,500 போகும். "தவறாகிவிட்டது, திருப்பி அனுப்புகிறேன், இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள்" என்பான். பதற்றத்தில் இரண்டாவது முறையும் தட்டியவர்கள் அழுதுகொண்டு பாஸ்புக்கோடு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

முன்பெல்லாம் கோடுகூட வேண்டாம், பணம் கேட்டு ஒரு கோரிக்கையை அனுப்பிவிட்டு "ஏற்றுக்கொள்ளுங்கள், பணம் வந்துவிடும்" என்பார்கள். தனிநபர்களுக்கிடையே அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. அதனால் கூட்டம் முழுவதும் கோடு பக்கம் சாய்ந்திருக்கிறது.

அடுத்து வரப்போவது போலிக் குறுஞ்செய்தி. "உங்கள் கணக்கில் 65,000 வரவு வைக்கப்பட்டது" என்று வரும். கூடவே அழைப்பு: "ஐயோ, ஒரு சுழியம் கூடிவிட்டது, மீதியைத் திருப்பி அனுப்புங்கள், மனைவி ஆஸ்பத்திரியில்." வங்கியின் செய்தி யாரோ ஒருவரின் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது. அனுப்பியவர் பெயர் சரியாகத் தெரிந்தாலும் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்க்காமல் ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். அவர்கள் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒரு மதிப்பும் இல்லை. அதைத் தயாரிக்கவே செயலிகள் இருக்கின்றன. உதவி செய்கிறேன் என்று உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் செயலியை நிறுவச் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

யாராவது ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழி உண்டு. பிறகு வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைக் கொடுத்து நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை அவர் தலையில்தான். எனக்கு உடன்பாடில்லாத விதி, ஆனால் விதி அதுதான்.

மடிக்கணினிக்காரன்:
காசாளர் ஐயா சொன்னதோடு ஒன்று. பணம் உண்மையாகவே வந்துவிட்டாலும் வில்லங்கம் உண்டு. சென்னையில் பழைய மடிக்கணினி வாங்கி விற்பது என் தொழில். பக்கத்துக் கடைக்காரர் ஒரு மடிக்கணினி விற்றார். நேரில் நின்றவர் ஒருவர், பணம் வந்தது வேறொருவர் கணக்கிலிருந்து. பிறகு வெளிமாநிலக் காவல்துறை கேட்டுக்கொண்டதாகச் சொல்லி வங்கி அவர் கணக்கை முடக்கியது. வந்தது எங்கோ ஏமாற்றிப் பறித்த பணமாம். விற்ற ரசீது, வாங்கியவரின் அடையாள அட்டை நகல், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் வைத்திருந்ததால் அலைந்து திரிந்து மீட்டார். ஆகவே எதிரில் நிற்பவரின் சொந்தக் கணக்கிலிருந்து வந்தால் வாங்குங்கள், அல்லது ரொக்கம். "நண்பர் அனுப்புவார்" என்றால் பொருளை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

மணப்பாறை முறுக்கு:
ஸ்கூட்டரை மறந்துவிட்டீர்களே. சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டால் போதாது, பெயர் மாறியதா என்று தொடர்ந்து பாருங்கள். உங்கள் தரப்பில் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீடும் அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. தேதி போடாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும் தரகரிடம் விற்காமல் இருப்பது நல்லது. ஓட்டிப் பார்க்க வருபவரோடு வீட்டு ஆள் ஒருவர் பின்னால் உட்காரட்டும். உரிமத்தைப் படமெடுத்து வைத்தால் மட்டும் வண்டி திரும்பி வராது.

உறையூர்க்காரி:
எல்லோருக்கும் நன்றி. ரொக்கம் மட்டும்தான் என்று எழுதினேன். "ராணுவ வீரனை அவமதிக்கிறாய், உன்மேல் வழக்குப் போடுவேன்" என்று ஒரே கத்தல். எண்ணைத் தடுத்துவிட்டு, உரையாடலை இணைத்துச் சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிந்தேன். அடையாள அட்டையில் இருந்த படம் யாருடையதோ, பாவம், அவருக்குத் தெரியவே தெரியாது.

ஃப்ரிட்ஜ் ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டது. கல்யாணமான புதுத் தம்பதி வந்தார்கள். கதவு ரப்பரை இழுத்துப் பார்த்து, ஐஸ் பிடிக்கிறதா என்று அரைமணி நேரம் காத்திருந்து, 5,800க்குக் குறைத்து, நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார்கள். மாமியாருக்கு ஏக திருப்தி, பேரம் பேசியவர்கள் என்பதாலேயே!

கைப்பேசியை மட்டும் எப்படி விற்பது? அதில்தான் யுபிஐ எல்லாம் இருந்தது.

மடிக்கணினிக்காரன்:
அக்கா, முதலில் புதுக் கைப்பேசியில் யுபிஐயும் வாட்ஸ்அப்பும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பழையதில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் (ஃபேக்டரி ரீசெட்) கொண்டுவாருங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால் வாங்கியவர் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும். அவர் அழைத்து "கொஞ்சம் சொல்லுங்கள்" என்பார். சிம், மெமரி அட்டை இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

*#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு கைப்பேசிக்கும் உள்ள தனி அடையாள எண்) விற்பனைச் சீட்டில் எழுதி, தேதியோடு இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருளோ என்று அவர் சந்தேகப்பட்டால், ஆங்கிலத்தில் கேஒய்எம் (KYM) என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த 15 இலக்க எண், இப்படி 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அசல் ரசீதைக் கொடுக்கலாம். ஆதார் நகல் மட்டும் கொடுக்காதீர்கள்.