14வது திருத்தம் இருந்தும் 1923-ல் இந்தியர்களின் அமெரிக்கக் குடியுரிமை பறிபோனது எப்படி?

கரிசல்காடு:
அமெரிக்க அரசியலமைப்பின் 14வது திருத்தம் 1868-லேயே வந்துவிட்டது. பிறகும் 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில், இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் எப்படிச் சொன்னது? ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்தும் பிடுங்கினார்களாமே, எந்தச் சட்டப்படி?

சட்டப்புள்ளி:
பிறப்பால் வருவதையும் விண்ணப்பித்து வாங்குவதையும் பிரித்துப் பாருங்கள். அங்கே பிறந்தவர் குடிமகனாக 14வது திருத்தம் போதும். வந்து குடியேறியவர்களில் யாருக்குக் கொடுக்கலாம் என்பது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) கையில். 1790 சட்டம் ‘சுதந்திர வெள்ளையர்’ மட்டும் என்றது, இரண்டாண்டு வசித்திருக்க வேண்டும். வசிப்புக்காலம் 1795-ல் 5, 1798-ல் 14, 1802-ல் மறுபடி 5 ஆண்டு என்று ஆடியது; நிற நிபந்தனை அசையவில்லை. 1870-ல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள், ஆசியர்களை விட்டுவிட்டார்கள். அதனால்தான் வோங் கிம் ஆர்க் வழக்கில் (1898, 6-2) சீனப் பெற்றோருக்கு சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த மகன் குடிமகன். அவரைப் பெற்றவர்களோ விண்ணப்பிக்கக்கூட முடியாதவர்கள்.

ஏடும்_எழுத்தும்:
பிடுங்கியது 1906 சட்டத்தின் 15வது பிரிவின்படி. மோசடியாகவோ சட்டத்துக்குப் புறம்பாகவோ பெற்ற சான்றிதழை நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்கிறது அது. திண்ட் தீர்ப்பு வந்ததும், இந்தியர்களின் பழைய சான்றிதழ்களும் சட்டத்துக்குப் புறம்பானவையே என்று அரசு வழக்குப் போட்டது.

தீர்ப்பின் தர்க்கம்தான் வேடிக்கை. 1922 நவம்பரில் ஒசாவா வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் (அன்றைய இனவியல் வகுத்த ஒரு பிரிவு), ஜப்பானியர் அதில் வரமாட்டார் என்றார் நீதிபதி சதர்லண்ட். திண்ட் அதையே பிடித்துக்கொண்டு, இனவியல்படி தானும் காக்கேசியர் என்றார். மூன்றே மாதத்தில் அதே சதர்லண்ட், இனவியல் கிடக்கட்டும், சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்பாரோ அவர்தான் வெள்ளையர் என்று எழுதினார். திண்ட் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர், அதுவும் எடுபடவில்லை.

கலிபோர்னியாவில் இன்னும் மோசம். குடியுரிமைக்குத் தகுதியற்ற அயல்நாட்டவர் விவசாய நிலம் வாங்க 1913 சட்டம் தடை போட்டிருந்தது. குடியுரிமை ரத்தை எதிர்த்து ஜெயித்தவர் வழக்கறிஞர் சகாராம் கணேஷ் பண்டிட். 1914-ல் நீதிமன்றம் இதே கேள்வியைத் தீர்மானித்துத்தான் தனக்குக் குடியுரிமை கொடுத்தது, மறுபடி கிளற முடியாது என்பது அவர் வாதம். 1926-ல் மேல்முறையீட்டில் வென்றார். 1927-ல் உச்ச நீதிமன்றமும் அரசின் மனுவை ஏற்க மறுத்தது. மற்ற ரத்து வழக்குகளையும் அரசு கைவிட்டது.

மதில்மேல்பூனை:
சட்டப்புள்ளி, பிறப்பால் வந்ததும் அவ்வளவு கெட்டி இல்லைங்க. 1907 சட்டப்படி அயல்நாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் குடியுரிமை இழந்தார். மெக்கன்சி வழக்கில் (1915) உச்ச நீதிமன்றமும் அதற்குத் தலையாட்டியது. 1922 கேபிள் சட்டம் இதை மாற்றியது, ஆனால் கணவர் ‘தகுதியற்றவர்’ என்றால் பழையபடிதான். திண்ட் தீர்ப்புக்குப் பிறகு இந்தியர்களை மணந்த பெண்களும் இதில் சிக்கினார்கள். தாரக்நாத் தாஸின் மனைவி மேரி அப்படி இழந்தவர். 1931-ல்தான் அந்த விதி போனது.

கரிசல்காடு:
சரி, திண்டுக்கு என்ன ஆனது? தடை எப்போது நீங்கியது?

ஏடும்_எழுத்தும்:
முதல் உலகப் போர் வீரர்களுக்காக 1935-ல் வந்த சட்டத்தால் திண்ட் 1936-ல் வாங்கிவிட்டார். சீனர்களுக்கு 1943-ல். இந்தியர்களுக்கும் பிலிப்பினோக்களுக்கும் 1946 லூஸ்–செல்லர் சட்டம். ஆனால் இந்தியாவிலிருந்து குடியேற ஆண்டுக்கு 100 பேர்தான். இன நிபந்தனை மொத்தமாக நீங்கியது 1952-ல். அதற்குள் 1949-ல் குடிமகனாகிவிட்ட திலீப் சிங் சவுந்த், 1956-ல் காங்கிரசுக்கே தேர்வானார்.

மதில்மேல்பூனை:
குடியுரிமை கிடைத்ததும் ஓட்டும் கிடைத்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கப் பூர்வகுடிகள் அனைவரும் 1924 சட்டத்தால் குடிமக்கள் ஆனார்கள். அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் ஓட்டுப்போட 1948-ல் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.