மகரந்தத்தைச் சேமித்துக் கலப்பு செய்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரண்டு தக்காளி ரகங்களைக் கலக்க ஆசைப்பட்டேன். ஆணாக எடுக்க நினைத்தது சீக்கிரம் பூத்து ஓய்ந்துவிடும். பெண் செடி அப்போதுதான் மொட்டே கட்டும். சரி, மகரந்தத்தை எடுத்து வைக்கலாம் என்று இறங்கினேன்.

முதல் தடவை, அன்று விரிந்த பூக்களின் மகரந்தப்பைகளைப் பிரித்து அப்படியே குப்பியில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். குளிர் காப்பாற்றும் என்று நம்பினேன். மூன்று வாரம் கழித்து எடுத்தால் கட்டி தட்டிக் கிடந்தது. 12 பூக்களில் தடவியும் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. ஈரத்தோடு உறைந்தால் உள்ளே பனிப்படிகம் உருவாகி செல்லைச் சிதைத்துவிடும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அடுத்த முறை மகரந்தப்பைகளைக் காகிதத்தில் பரப்பி, நிழலில் ஒரு நாள் காயவிட்டேன். உதிர்ந்த தூளை மட்டும் காப்ஸ்யூல் கூடுகளில் நிரப்பி, ஈரத்தை உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட சிறு டப்பாக்களில் இறுக்கி மூடி ஃப்ரீசரில் வைத்தேன். ஒரு நாள் தேவைக்கு ஒரு டப்பா. மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். வெளியே எடுத்ததும் திறக்கவே கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த மகரந்தத்தின் மேல் படிந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து, ஆண்நீக்கம் செய்த (மகரந்தப்பைகளை முன்பே அகற்றிய) 11 பூக்களில் தடவினேன். 4 காய் பிடித்தது! விதை குறைவுதான், ஆனாலும் முளைத்தது.

பதில்:
தடவும் முன் கொஞ்சம் மகரந்தத்தை எடுத்து, உயிர் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். அசிட்டோகார்மைன் சாயத்தை மட்டும் நம்ப வேண்டாம், செத்த மகரந்தமும் சிவந்து காட்டும். நான் 10 சதவீத சர்க்கரைக் கரைசலில், லிட்டருக்கு 100 மில்லிகிராம் போரிக் அமிலம் சேர்த்துப் பார்க்கிறேன். மகரந்தத்திலிருந்து வளரும் குழாய் அதன் விட்டத்தைவிட நீண்டிருந்தால்தான் முளைத்ததாகக் கணக்கு. நன்றாகக் காய்ந்ததை நேரே கரைசலில் போட்டால் தண்ணீரை வேகமாக இழுத்துச் சேதமாகும். ஈரத்துணி வைத்த மூடிய பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுங்கள்.

பதில்:
நான் இதே முறையை மக்காச்சோளத்தில் செய்து ஒரு பருவத்தையே இழந்தேன். தக்காளி மகரந்தம் உதிரும்போது இரண்டு செல், மக்காச்சோளம், நெல், கோதுமையில் மூன்று செல். இந்தப் புல்லினப் பயிர்களின் மகரந்தம் காய்வதைத் தாங்காது, சில மணி நேரத்திலேயே வீரியம் போய்விடும். காயவைத்துக் காயவைத்து நானேதான் அதைக் கொன்றிருக்கிறேன். இப்போது சேமிப்பதே இல்லை. ஆண் வரிசையை 5 நாள் இடைவெளியில் மூன்று முறை விதைக்கிறேன், ஏதாவது ஒன்று பெண் கதிரின் பட்டிழை (மகரந்தத்தை ஏற்கும் நூல்) வரும் நாளோடு ஒத்துப்போகிறது.